எனக்குக் கிராஃப்ட் வராது, மகளோடு பொங்கல் வாழ்த்து அட்டை செய்வது எப்படி?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கிறீர்கள், மகளுக்கு ஆறு வயது. ஊரில் இருக்கும் அப்பத்தா, அம்மாச்சி, அத்தை, சித்தப்பா என்று பன்னிரண்டு வீட்டுக்குத் தானே பொங்கல் அட்டை செய்து தபாலில் அனுப்ப வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். உங்களுக்கோ நேராக ஒரு கோடு போட வராது. போன வருஷம் ஒரு வீடியோவைப் பார்த்து, திறந்தால் பானையும் கரும்பும் எழுந்து நிற்கிற அட்டையை இருவரும் ஆரம்பித்தீர்கள். அரை மணி நேரத்தில் கத்தரிக்கோல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கடைசியில் "இது அப்பா செஞ்சது" என்று சொல்லி அழுதாள். இந்த வருஷம் "கிராஃப்ட் தெரியாதவர்களுக்கு எளிதான டிசைன் சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். ஆனால் டிசைனைவிட வேறொன்றுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அட்டை அவளுடையதாக இருக்க வேண்டும், நாலு வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஒழுங்காகவும் இருக்க வேண்டும். இதில் உங்கள் வேலை எது, அவள் வேலை எது? நான் பதில் சொல்லப்போவது அதற்குத்தான். டிசைனும் வழியில் வரும்.

மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தேன். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொங்கல் அட்டைதான் முதல் வேலை. அதனால் தாள், பசை, நிறம் பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பலாம், பல நூறு தடவை கைப்படச் செய்து பார்த்தவை. பிள்ளையின் மனசு பற்றிச் சொல்வது வேறு. அதில் படித்ததும் இருக்கிறது, நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் பார்த்ததும் இருக்கிறது. வீட்டில் ஒரே பிள்ளை, எதிரே அப்பா என்றால் சிலது மாறும். உங்கள் மகளை உங்களுக்குத்தான் தெரியும்.

வேலையைப் பிரித்துக்கொள்ள நான் வைத்திருந்த கணக்கு இதுதான். அளவு தப்பினால் அட்டையே வீணாகும் வேலைகள் எல்லாம் பெரியவருக்கு: தாள் வாங்குவது, வெட்டுவது, மடிப்பது, உறைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது, தபால் தேதியைக் கணக்குப் போடுவது. தப்பினாலும் அழகு குறையாத வேலைகள் எல்லாம் பிள்ளைக்கு: என்ன வரைவது, என்ன நிறம், எங்கே ஒட்டுவது, என்ன எழுதுவது. கவனித்துப் பாருங்கள், உங்கள் பங்கில் இருப்பது எதற்கும் கலைத்திறமை வேண்டாம். ஸ்கேல் பிடிக்கத் தெரிந்தால் போதும். போன வருஷ அட்டையில் நடந்தது என்னவென்றால், எழுந்து நிற்கிற பானை என்பது முழுக்க முழுக்க அளவு வேலை. அரை சென்டிமீட்டர் தள்ளி மடித்தால் பானை நிற்காது. அதில் ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்குக் கிராஃப்ட் வராததால் வந்த பிரச்சினை இல்லை அது, அட்டையைத் தேர்ந்தெடுத்ததில் வந்தது.

அட்டைக்கு முன்னால் உறையை வாங்குங்கள். பலரும் அட்டையைச் செய்து முடித்துவிட்டு உறை தேடி அலைவார்கள். ஸ்டேஷனரிக் கடையில் என்ன அளவில் உறை கிடைக்கிறதோ அதை வாங்கி, மடித்த அட்டை நான்கு பக்கமும் கால் சென்டிமீட்டராவது சிறியதாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 10.5க்கு 14.8 சென்டிமீட்டரில் ஓர் அட்டை வரும். ஆறு தாளில் பன்னிரண்டு அட்டை முடிந்தது. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் இருக்கும், ஈர நிறம் பட்டால் சுருண்டுவிடும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரை உள்ள, பளபளப்பு இல்லாத வெள்ளை அட்டைத் தாள் கேளுங்கள். பளபளப்பான சார்ட்டில் தண்ணீர் நிறம் பிடிக்காமல் உருண்டு ஓடும்.

மடிப்பு பற்றி ஒரு விஷயம், இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் கோடு சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்தாற்போல் பிசிறடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிப்பு விழாமல் லேசாக நீளவாக்கில் வளைத்துப் பாருங்கள், அப்புறம் அகலவாக்கில் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்தப் பக்கம் மடிக்க வேண்டும். பாதித் தாளை அந்தப் பக்கம் மடித்தால் அட்டை நீண்டு ஒல்லியாகிவிடும் என்றால் பரவாயில்லை, மற்றப் பக்கமே மடியுங்கள், மடிப்புக்கோட்டை மட்டும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து நடுவில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மடித்து, ஸ்பூனின் முதுகால் ஒருமுறை தேயுங்கள். கடை அட்டை மாதிரி மடியும். இந்த ஒரு வேலையை அவள் தூங்கிய பிறகு பன்னிரண்டுக்கும் முடித்து வைத்துவிடுங்கள். மறுநாள் அவள் முன்னால் இருக்க வேண்டியது மடித்த வெற்று அட்டைகள் மட்டும்.

அடுத்து, பன்னிரண்டு என்ற எண்ணிக்கை. ஆறு வயதுப் பிள்ளை ஒரே படத்தைப் பன்னிரண்டு தடவை வரையமாட்டாள். மூன்றாவதிலேயே கை சலித்துவிடும், ஆறாவதில் கோபம் வரும். என் வகுப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வேலையில் முழு மனதோடு இருக்கிற நேரம் இருபது நிமிடம், ரொம்பப் பிடித்துப்போனால் அரை மணி. அதனால் ஒரே தடவை செய்து பன்னிரண்டாகப் பிரிகிற வேலையாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஒரு பெரிய தாளில் அச்சு குத்தச் சொல்லி, காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி அட்டைகளில் ஒட்டுவது. இதற்கு வெண்டைக்காயை மிஞ்சிய அச்சு கிடையாது. முற்றின, தடித்த வெண்டைக்காயாகப் பாருங்கள். சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்குகிற காய்தான் நமக்கு வேண்டியது, பிஞ்சுக் காய் அழுத்தினால் நசுங்கிவிடும். காம்புப் பக்கம் மூன்று விரல் நீளத்துக்கு நறுக்கினால் காம்பே கைப்பிடி. வெட்டுமுகத்தில் ஐந்து அறைகள் கொண்ட பூ தெரியும், சில காயில் ஆறு ஏழு கூட இருக்கும். நறுக்கியதும் அப்படியே குத்தினால் வழவழப்பு நிறத்தோடு சேர்ந்து இழுத்துவிடும். துணியில் துடைத்துப் பத்து நிமிடம் வெட்டுமுகத்தைக் காயவிடுங்கள். நிறத்துக்குள் காயை முக்க வேண்டாம். ஒரு பழைய துணியை நாலாக மடித்து ஈரப்படுத்தித் தட்டில் வைத்து, அதன்மேல் போஸ்டர் கலரைத் தடவி, அதில் ஒற்றி எடுத்துத் தாளில் குத்தச் சொல்லுங்கள். நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வாழைத்தண்டும் வெங்காயமும் வளையம் வளையமாக விழும். சிவப்பில் வெண்டைக்காய், பச்சையில் வாழைத்தண்டு என்று அவள் கலந்து குத்தட்டும். பெரிய தாள் நிறையட்டும்.

அந்தத் தாளை வெட்டுவதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள். இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெரிய தாளில் பொங்கல் வைக்கிற காட்சி வரைந்திருந்தாள். அட்டைக்குப் பொருந்தவில்லை என்று மேல்பக்கம் மூன்று விரல் அகலம் வெட்டிவிட்டேன். வெட்டியதில் சூரியன் போய்விட்டது. சூரியனுக்குத்தானே பொங்கல் வைக்கிறோம் டீச்சர் என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அதிலிருந்து அச்சுத் தாளை மட்டும்தான் வெட்டுவேன், படம் வரைந்த தாளைத் தொடமாட்டேன். வெட்டப்போகிற தாள் இது என்று குத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு வருத்தம் இருப்பதில்லை.

அவள் படம்தான் வரைவேன் என்றால் இரண்டாவது வழி. ஒரே ஒரு படம், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், கோடு மட்டும். பென்சில் கோடு நகலில் மங்கிவிடும். அதை ஜெராக்ஸ் கடையில் அட்டை அளவுக்குச் சுருக்கிப் பன்னிரண்டு நகல் எடுத்து ஒட்டுங்கள். நிறத்தை ஒவ்வொன்றிலும் அவள் இஷ்டத்துக்குத் தீட்டட்டும். அப்பத்தாவின் மாடு நீலம், சித்தப்பாவின் மாடு ஆரஞ்சு. பன்னிரண்டும் ஒரே படம், ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

படம் எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பார்த்துவிட்டுத் திருத்தக் கை நீளாமல் இருக்க. பானை வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். மாட்டுக்கு நான்கு கால்களும் ஒரே பக்கம் வரிசையாக நிற்கும். ஆட்கள் தரையில் நிற்காமல் அந்தரத்தில் மிதக்கலாம், வானம் தாளின் மேல் விளிம்பில் ஒரு நீலப் பட்டையாக மட்டும் இருக்கலாம். பிள்ளைகளின் ஓவியத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தவர்களில் விக்டர் லோவன்ஃபெல்ட் முக்கியமானவர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவியக் கல்வி கற்பித்தவர். அவர் கணக்கில் நாலு முதல் ஏழு வயது வரை பிள்ளைக்குத் தனக்கு எது முக்கியமோ அது பெரிதாக வரும், கீழே தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துகிற பழக்கம் ஏழு வயதையொட்டித்தான் வரும். வயது எல்லைகளை இறுகப் பிடிக்க வேண்டாம், என் வகுப்பில் ஐந்து வயதில் தரைக்கோடு போட்டவர்களும் உண்டு, ஒன்பது வயது வரை போடாதவர்களும் உண்டு. ஆனால் வரிசை பெரும்பாலும் அப்படித்தான் வரும். பானை பெரிதாக இருப்பது பார்வைக் கோளாறு கிடையாது, அந்தக் காலையில் அந்தப் பானைதான் அவளுக்கு எல்லாம். நீங்கள் அதைச் சுருக்கச் சொன்னால் அவளுக்கு விளங்காது, தான் தப்பாக வரைந்துவிட்டோம் என்பது மட்டும் விளங்கும். லோவன்ஃபெல்ட் நிறம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்தவர், அச்சடித்த மாட்டைத் தீட்டிப் பழகிய பிள்ளை தன் மாட்டை வரையத் தயங்கும் என்றார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், தீட்டும் புத்தகத்தில் அமைதியாக உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பொங்கல் அட்டைக்கு இணையத்திலிருந்து அச்செடுத்த மாடு வேண்டாம் என்பதில் அவரோடுதான் நான்.

"எனக்கு வரையத் தெரியாது, நீங்க வரைங்கப்பா" என்று அவள் சொல்லக்கூடும். அப்போது வரைந்து கொடுக்காதீர்கள், வரையவே மாட்டேன் என்று மறுக்கவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள். அப்பத்தா வீட்டு மாட்டுக்குக் கொம்பு எப்படி இருக்கும்? போன பொங்கலுக்கு அதற்கு என்ன கட்டியிருந்தார்கள்? கயிறு எங்கே இருந்தது? பதில் சொல்லச் சொல்ல அவள் கை தானாகப் போகும். ஓவியம் தெரிந்த பெற்றோர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், பென்சிலை வாங்கி நாலே கோட்டில் அழகான மாடு ஒன்றைப் போட்டுக் காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குத் தன் மாடு பிடிக்காது. நீங்கள் அந்தச் சிக்கலில் இல்லை என்பது உங்களுக்கு நல்லது.

வரைவதே வேண்டாம் என்றால் கோலம் இருக்கிறது. ஸ்கேல் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி பென்சிலில் லேசாக வையுங்கள். புள்ளிகளை அவள் வெள்ளைக் கிரேயானால், இல்லாவிட்டால் மெழுகுவத்தித் துண்டால், அழுத்திக் கோடிட்டு இணைக்கட்டும். வளைந்து நெளிகிற சிக்குக் கோலம் இந்த வயதுக்குக் கஷ்டம், நேர்கோட்டுக் கோலமே போதும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு, ஒன்றும் தெரியாது. பிறகு நிறையத் தண்ணீர் கலந்த நீலத்தைப் பெரிய பிரஷ்ஷால் மேலே ஓட்டச் சொல்லுங்கள். மெழுகு தண்ணீரை ஏற்காது, கோடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்று கோலம் வெளியே வரும். விடிகாலை வாசல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் இதைச் செய்திருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் வகுப்பே "ஓ" என்று கத்தும். நிறம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியை மட்டும் அழுத்தி வைக்காதீர்கள். மெழுகுக்கு அடியில் மாட்டிய பென்சிலை அப்புறம் அழிக்க முடியாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, மஞ்சள் தாள். என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அமிலம், காரம் பாடத்திலேயே இது பல வருஷம் இருந்தது, அம்மாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்யும் பயிற்சியாக. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். சோப்புக் கரைசலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து அதில் பூ வரைந்தால் கோடு போன இடமெல்லாம் சிவக்கும். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும் என்பதுதான் சங்கதி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறார்களே, அதே மாற்றம். துணி துவைக்கிற கட்டி சோப்பு நன்றாக வேலை செய்யும். கை கழுவுகிற திரவ சோப்புகளில் சிலவற்றில் காரம் இருக்காது, அதில் சிவக்காமல் போகலாம், முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த அட்டைக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும், சிவப்பும் நாளடைவில் பழுப்பாக மங்கும். பெட்டியில் எடுத்து வைக்கிற பாட்டிகளுக்கு அச்சு அட்டை, வாசலிலேயே படித்துச் சிரிக்கிற அத்தைகளுக்கு மஞ்சள் அட்டை என்று நான் பிரித்துக்கொள்வேன். வேலை நடக்கும்போது பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.

ஒட்டுவதற்குக் குச்சிப் பசைதான் நல்லது. ஃபெவிக்கால் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய தாள் அலையலையாக நெளியும். அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் விளிம்புகளில் மட்டும் மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகத்தை ஒரு இரவு வையுங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கைதான், இன்றைக்கும் அது நன்றாகவே ஒட்டும். பருப்பு, அரிசி, ஜிகினா, கண்ணாடிச் சில்லு எதையும் அட்டையில் ஒட்டவிடாதீர்கள். தபாலில் முத்திரை குத்தும்போது பருப்பு நொறுங்கும், அரிசி வண்டு பிடிக்கும், ஜிகினா அப்பத்தாவின் கண்ணாடியில் போய் ஒட்டும். கத்தரிக்கோல் அவள் கையில் இருக்கலாம், முனை மழுங்கினதாக இருந்தால் சரி. வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள், அது ஒன்றுதான் சூத்திரம். கோணலாக வெட்டினால் கோணலாகவே ஒட்டட்டும்.

இனி உள்பக்கம். உங்கள் ஊர் உறவினர்கள் முதலில் பார்ப்பது படத்தை, அப்புறம் பலமுறை எடுத்துப் படிப்பது எழுத்தை. அச்சில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு செய்வித்தார். ஏராளமான கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத அவருக்கு நேரமில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கடை அட்டை பிறந்ததே எழுதுகிற வேலையைக் குறைக்கத்தான். உங்கள் மகளின் அட்டையில் அந்த எழுத்து திரும்பி வர வேண்டும். "இனிய பொங்கல் நல்வாழ்த்து" என்று எல்லா அட்டையிலும் ஒரே வரியை எழுதவைத்தால் அவளுக்கும் சலிப்பு, வாங்குகிறவர்களுக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வியோ ஒரு செய்தியோ அவள் வாயிலிருந்து வரட்டும். "அப்பத்தா, உன் ஆடு குட்டி போட்டுச்சா?" "எனக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துருச்சு." இப்படி ஒரு வரி இருந்தால் போதும். தமிழ் எழுத்து இன்னும் சரியாக வரவில்லை என்றால், அவள் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு சொல் மாற்றாமல் எழுதுங்கள். கீழே பெயரை மட்டும் அவள் எழுதட்டும். புள்ளிக் கோட்டில் எழுதிக் கொடுத்து அவளை மேலே எழுதவைக்க வேண்டாம், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

அவளே எழுதினால் "பொங்கல்" என்பதில் தடுமாறலாம். ஒற்றைக் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ப. காதில் விழுவது ஒரே சத்தம், கண்ணில் படுவது மூன்று துண்டு. பல பிள்ளைகள் கொம்பை மறந்து "பாங்கல்" என்று எழுதுவார்கள். அட்டையில் எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள். எப்படி எழுதுவது என்று அவள் கேட்டால் தனித் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று உங்கள் உறவினர்களில் யாராவது கட்டாயம் ஆரம்பிப்பார்கள். நான் பிள்ளைகளை "பொங்கல் வாழ்த்து" என்று எழுதச் சொல்லிவிடுவேன், வழக்கு அங்கேயே முடிந்தது.

அட்டை முடித்தால் சாக்லேட் தருவேன் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் வரைவதை விரும்புகிற பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்கூட்டி ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது, எப்போதெல்லாம் வரும் என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறைய வாதிட்டிருக்கிறார்கள், அதனால் இதைச் சட்டமாகச் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் நான் கண்டதும் இதுதான். ஸ்டிக்கர் உண்டு என்று சொன்ன நாட்களில் பிள்ளைகள் வேகமாக முடித்தார்கள், அவ்வளவுதான், யாரும் இன்னொரு தாள் கேட்கவில்லை. முடித்தபிறகு சொல்லாமல் கொள்ளாமல் சேர்ந்து ஒரு பால்கோவா சாப்பிடுங்கள், அதில் தப்பில்லை.

இதனால் கையெழுத்து திருந்துமா, அறிவு வளருமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கத்தரிக்கோலும் பிரஷ்ஷும் பிடிப்பது விரல்களுக்குப் பயிற்சி என்பது உண்மை. பன்னிரண்டு அட்டையால் கையெழுத்து மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு மாதக் கணக்கில் பழக்கம் வேண்டும். ஈர நிறத்தைத் தொடவே மறுக்கிற, ஆறு வயதாகியும் பென்சிலைப் பிடிக்கவே மிகவும் சிரமப்படுகிற பிள்ளைகள் சிலர் உண்டு. உங்கள் மகள் அப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படிக்கிற வேறு யாருடைய பிள்ளையாவது அப்படி இருந்தால், ஓவிய ஆசிரியர் சொல்வதோடு நிறுத்தாமல் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், கைப்பயிற்சி தருகிற சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள்.

தேதிக் கணக்கு. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். பெங்களூரிலிருந்து போக வேண்டும், பண்டிகை நெருக்கடியும் இருக்கும் என்பதால் 6, 7ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். அப்படியென்றால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் அச்சு, காய ஒரு நாள், ஒட்ட ஒரு நாள், எழுத மூன்று நாள், நாளுக்கு நாலு அட்டைக்கு மேல் வேண்டாம். நிரப்பிய உறை ஒன்றைத் தபால் நிலையக் கவுன்ட்டரில் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தபால்தலை வாங்குங்கள், 250 ஜிஎஸ்எம் அட்டை உறையோடு சேர்ந்தால் கனம் கூடும். என் சின்ன வயதில் பொங்கல் அட்டையை உறை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகிக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவோம். கடைத்தெருவில் கயிறு கட்டி எம்.ஜி.ஆர்., சிவாஜி, முருகன், மாடு என்று வரிசையாகத் தொங்கும். உங்கள் ஊர்த் தபால்காரர் கொஞ்சம் வயதானவர் என்றால் உங்கள் மகளின் உறையைப் பார்த்து அந்த நாளை நினைக்கக்கூடும்.

உறையில் பெயரும் தெருவும் நீங்கள் எழுதுங்கள், பின்கோடு மட்டும் அவளிடம் விடுங்கள். ஆறு எண், பெரிதாக, தெளிவாக. 1972இல் வந்த முறை அது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், உங்கள் பெங்களூர் 5இல் தொடங்கும் என்று சொல்லிப் பாருங்கள், பன்னிரண்டு உறையையும் அவளே சரிபார்ப்பாள். அட்டையின் பின்பக்கம் மூலையில் அவள் பெயர், வயது, வருஷம் மூன்றும் இருக்கட்டும். சிவப்புப் பெட்டிக்குள் போடும்போது அவளைத் தூக்கிப் பிடியுங்கள், அவள் கையால் போட வேண்டும்.

ஏழாவது அட்டையில் அவள் போதும் என்றால் ஏழுடன் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் உட்கார்ந்து முடிக்க வேண்டாம், போன வருஷம் நடந்தது அதுதான். அந்த ஐந்து வீடும் எவை என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும், பொங்கல் அன்று காலையில் அவர்களுக்குப் போன் போட்டு அவளைப் பேசவையுங்கள். வெற்று அட்டைகள் ஐந்தும் மடித்தபடி அலமாரியில் இருக்கட்டும், சித்திரைக்கு ஆகும்.